புதுப்பிப்பு: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மகளுக்கு ஹாக்கி கிளப்

படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) போகும் மகளை ஊர்த் திடலில் ஆடும் கிளப்பில் சேர்ப்பதா, பக்கத்து நகரமான ஈப்போவில் கோப்பை அடுக்கி வைத்திருக்கும் கிளப்பிலா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. ஊர்க் கிளப்பிலேயே சேர்த்தாச்சு.

கைகொடுத்தது, "கோப்பையை விடுங்க, பெஞ்சைப் பாருங்க" என்ற பதில்தான். பெஞ்ச் என்றால் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காருமிடம். ஹாக்கியில் 11 பேர் களத்தில். ஆளை மாற்ற எண்ணிக்கை வரம்பில்லை, வெளியே வந்தவர் மறுபடி இறங்கலாம். பெனால்டி கார்னர் நேரத்தில்தான் மாற்ற முடியாது. ஆகவே ஒரு பிள்ளை ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தால் அது பயிற்றுநரின் முடிவு, விதியின் கட்டாயமல்ல. ஈப்போக்காரர்கள் வெல்கிறார்கள், சரி. ஆனால் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கால்வாசி நேரம்கூடக் கிடைக்கவில்லை. அங்கே மாதக் கட்டணத்தில் ஜெர்சி, போட்டி நுழைவு, பஸ் எதுவும் அடக்கமில்லை.

எதிர்பாராதது மட்டை. கடையில் கார்பன் அதிகமுள்ளதையே நீட்டுவார்கள். அது விறைப்பு, பந்தை நிறுத்தும்போது எகிறும், கை அதிரும். பழகும் பிள்ளைக்கு ஃபைபர் கிளாஸ் கூடுதலாக இருப்பதே நல்லது. தரையில் ஊன்றினால் மேல்நுனி இடுப்பெலும்பு வரை வரட்டும். செயற்கைத் திடலில் பந்து இன்னும் வேகமாக வரும், அங்கேயும் பயிற்சி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் காப்பும் போட்டுவிடுங்கள்.