ஏடுகள் எரிந்த பிறகு மாயா மருத்துவம் எவ்வழியாகப் பிழைத்தது?

பிடோக் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமூக மன்ற வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் மத்திய அமெரிக்கப் பழங்குடியினரான மாயா மக்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். 1562 ஜூலையில் மெக்சிகோவின் யுக்காத்தான் பகுதியிலுள்ள மானி என்னும் ஊரில் ஸ்பானியக் கத்தோலிக்கத் துறவி தியெகோ தெ லாந்தா மாயா ஏடுகளைத் தீயிலிட்டதோடு அவர்களுடைய மருத்துவமும் மறைந்துவிட்டதாக ஒரு காணொளி கூறியது. ஆனால் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மாயா வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்களே? அந்த அறிவு வாய்மொழியாக மட்டுமா வந்தது? மேலும், 1552இல் இலத்தீனில் எழுதப்பட்ட மூலிகை நூல் ஒன்றையும் மாயா நூல் என்றே காட்டினார்கள். அது சரியா?

ஈசூன் ஆசிரியர்:
1552ஆம் ஆண்டு நூல் மாயா நூலன்று. மெக்சிகோ நகரத்தை அடுத்த திலாத்தெலோல்கோ கல்லூரியில் மார்ட்டின் தெ லா குரூஸ் என்னும் உள்நாட்டு வைத்தியர் சொன்னதை ஹுவான் பதியானோ இலத்தீனில் பெயர்த்தார். அது மாயாக்களிலிருந்து வேறான, மத்திய மெக்சிகோவின் அஸ்டெக் மக்களுடைய மரபைச் சேர்ந்தது. உங்கள் பேச்சிலிருந்து அதை நீக்கிவிடலாம்.

வாய்மொழி ஒரு வழிதான். அதைவிடச் சுவையான வழி இன்னொன்று உண்டு. ஞானோபதேசம் என்னும் கிறிஸ்தவ சமயப் பாடம் படிப்பதற்காகத் துறவிகள் மாயாச் சிறுவர்களுக்கு ரோமன் எழுத்தைக் கற்பித்தார்கள்; அதே எழுத்தில் மாயா மக்கள் தங்கள் மந்திரங்களையும் மருந்துக் குறிப்புகளையும் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். சிலாம் பாலாம் என்று அழைக்கப்படும் ஊர்ச் சுவடிகளுள் காவா ஊரின் சுவடியில் ஐரோப்பியப் பஞ்சாங்கச் செய்திகளும் உள்நாட்டு மருந்துகளும் பக்கம் பக்கமாகக் கலந்து கிடக்கின்றன. பக்காபுகள் என்னும் மாயா தெய்வங்களின் பெயரால் 'பக்காபுகளின் சடங்கு' என்று பின்னாளில் பெயரிடப்பட்ட சுவடி இன்னும் வியப்பானது. அதில் வைத்தியர் நோயை ஓர் ஆளாகவே பாவித்து, அதன் தாய் யார், அது பிறந்த நாள் எது என்று வினவி, அதன் குலத்தைச் சொல்லியே அதை விரட்டுகிறார். இடையிடையே ஏசுவின் பெயரும் ஆமெனும் வருகின்றன. அதன் ஒரு பகுதி, 1779ஆம் ஆண்டு தேதியிட்ட திருச்சபையின் பாவமன்னிப்புச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது!

லாந்தாவை மறந்துவிடாதீர்கள். ஏடுகளை எரித்த அதே மனிதர்தான், மாயா நாட்காட்டியின் சிப் என்னும் மாதத்தில் மாயா வைத்தியர்கள் மருந்துப் பொட்டலங்களைப் பிரித்து வைத்து மருத்துவத் தெய்வமான இஷ்செல் தேவிக்கு விழா எடுத்ததையும் எழுதி வைத்தார்.

தேக்காக்காரன்:
ஆசிரியர் ஐயா சொன்னவை சரியே. ஆயினும் சாமர்த்தியத்தை மட்டும் சொன்னால் அழிவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறேன். ஸ்பானியப் படை 1524இல் குவாத்தமாலாவுக்குள் நுழைவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அங்கு கொள்ளைநோய் நுழைந்து, காக்சிகெல் என்னும் மாயா இனத்தாரின் அரசர்களையும் கொண்டுபோனதை அம்மக்களின் வரலாற்றேடே சொல்கிறது. அரசரே மாண்டபோது, சீடனுக்குச் சொல்லி முடிக்காமல் மாண்ட வைத்தியர்கள் எத்தனை பேரோ! பின்னர், சிதறி வாழ்ந்தவர்களைத் தேவாலயத்தைச் சுற்றிய புது ஊர்களில் வலுக்கட்டாயமாகக் குடியேற்றினார்கள். காட்டை விட்டுப் பிரித்தால் மூலிகையை விட்டுப் பிரித்தது போலத்தானே?

இன்னொன்று: மாயா வைத்தியர்கள் இன்று விரும்பிப் பயன்படுத்தும் ரூதா என்னும் செடி ஸ்பானியர் கொண்டுவந்தது. நம் பாட்டிமார் கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்திய சதாப்பு இலையும் அதே இனம்தான்.

பிடோக் வாசகி:
இருவருக்கும் நன்றி. சதாப்பு இலையைக் கண்டிப்பாகச் சொல்வேன். ஒரே ஒரு ஐயம்: இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் இந்த வைத்தியர்களை ஏன் அடியோடு ஒழிக்கவில்லை?

ஈசூன் ஆசிரியர்:
1571இல் மெக்சிகோவில் அம்மன்றம் நிறுவப்பட்டபோது, உள்நாட்டு மக்கள் அதன் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். அவர்களை விசாரிக்கும் பொறுப்பு ஆயரின் நீதிமன்றத்துக்கு இருந்தது. அங்கு கசையடி போன்ற தண்டனைகள் உண்டு. ஆனால் அதே வைத்தியரிடம் மருந்துக்குப் போன ஸ்பானியரும் கலப்பினத்தவரும் கறுப்பினத்தவரும் இன்குவிசிஷன் முன் நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் போனார்கள் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி; பயிற்சி பெற்ற ஐரோப்பிய மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நாட்டில் வேறு யாரிடம் போவார்கள்?

படித்தவர்களும் விலக்கில்லை. ஹோசே புளோரஸ் என்னும் குவாத்தமாலா மருத்துவர், அமாத்திட்லான் பகுதி உள்நாட்டு மக்களிடமிருந்து கற்றதாகக் கூறி, பல்லியைப் பச்சையாக உண்டால் புற்றுநோய் குணமாகும் என்று 1782இல் ஒரு சிறு நூலை அச்சிட்டார். அது ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. பல்லிதான் பாவம், நோயும் தீரவில்லை.