மறு: ‘மெச்சுரேஷன்’ என்பதற்கு முதிர்வா, விளைதலா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி பற்றிய தமிழ்ச் சொற்பட்டியலில் ‘மெச்சுரேஷன்’ (வடித்த மது பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து சுவை கூடுவது) என்ற ஒரு சொல்லிடமே நாம் நெடுநாளாக நிற்கிறோம். ஊறல், பதப்படுத்தல், மூப்பு, முதிர்வு என்று இதுவரை நான்கு முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்கையும் மறுத்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றை வைக்கப் போகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலிரண்டையும் விரைவில் கடந்துவிடலாம். ஊறல் என்பது வடிப்பதற்கு முன் புளிக்க வைக்கும் கலவை. ஊறலை அழித்ததாகக் காவல்துறைச் செய்திகளில் நாம் படிப்பதும் அதைத்தான். ஆகவே அச்சொல்லை ‘வாஷ்’ என்பதற்கு ஒதுக்கிவிடலாம். பதப்படுத்தலோ, ஒரு பொருளைக் கெடாமல் காப்பது. இங்கே நடப்பது காத்தல் அன்று, மாற்றம்.

மூப்பு என்பதில் உள்ள இடர் நுட்பமானது. ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, வடித்த மதுவை 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய்களில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீசாவின் மேல் வயது குறித்தால், அது உள்ளே சேர்ந்திருப்பவற்றுள் மிக இளையதன் வயதாகவே இருக்க வேண்டும். அந்த வயதும் பீப்பாயில் கழிந்த காலம் மட்டுமே. 12 ஆண்டு விஸ்கியை வாங்கி அலமாரியில் 20 ஆண்டுகள் பூட்டி வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். மூப்புக்கு இப்படி நடுவில் நிற்கும் வழக்கம் கிடையாது.

முதிர்வு என்பதற்குத்தான் குழுவில் ஆதரவு மிகுதி. ஆனால் அச்சொல்லை வங்கிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. முதிர்வு என்றதும் வட்டியோடு வளர்ந்து வரும் தொகைதான் நினைவுக்கு வருகிறது. பீப்பாயில் நடப்பது நேர்மாறானது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 250 லிட்டர் நிரப்பிய ஒரு பீப்பாயில் 18 ஆண்டுகளுக்குப் பின் 174 லிட்டர் அளவே மிஞ்சும். எந்த வைப்புத்தொகையும் இப்படி முதிர்வதில்லை.

என் முன்மொழிவு ‘விளைதல்’. இது நான் புதிதாகச் செய்த சொல் அன்று. திருமுருகாற்றுப்படையில் கானவர் அருந்தும் மதுவை ‘நீடமை விளைந்த தேக்கட் டேறல்’ என்று நக்கீரர் சொல்கிறார்: நீண்ட மூங்கிலுக்குள் இருந்து விளைந்த, தேனால் ஆன கள்ளின் தெளிவு. அது வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடித்த மது அன்று. ஆகவே விஸ்கியைத் தேறல் என்று அழைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் மது மரத்தால் ஆன ஒரு கலத்துக்குள் கிடந்து சுவை கூடும் நிகழ்வுக்கு ‘விளை’ என்ற வினை நம்மிடம் அன்றே வழங்கியிருக்கிறது. வயலில் நெல் விளைவது அறுவடையோடு நிற்பது போலப் பீப்பாயில் விளைவதும் சீசாவில் அடைப்பதோடு நின்றுவிடுகிறது. மூப்பு தராத எல்லையை இச்சொல் தானாகவே தருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பகுதியில் ஒரு விஸ்கிக் கிடங்கைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மண் தரை, மூன்றடுக்குப் பீப்பாய்கள், ஆவியாகும் மதுவை உண்டு வளரும் பூஞ்சையால் கரிபடிந்தது போன்ற சுவர்கள். முதலில், வடித்து அதிக நாள் ஆகாத மதுவை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகரச் சொன்னார்கள். தண்ணீர் நிறம், பேரிக்காயும் புளித்த மாவும் சேர்ந்த வாடை. பின்னர் ஒரு பழைய பீப்பாயின் அடைப்பைத் தட்டிக் கழற்றி, நீண்ட செம்புக் குழலை உள்ளே விட்டு, மேல்துளையைக் கட்டைவிரலால் மூடி எடுத்துக் கோப்பையில் வடித்தார்கள். தேன் நிறம், வனிலா, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் பழைய மரப்பெட்டியின் மணம். இரண்டும் ஒரே கொப்பரையில் வடித்தவை என்று சொல்லியிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு மரத்தினுடையது. தீயில் வாட்டிய ஓக் மரத்தின் லிக்னின் என்ற பொருள் சிதைந்து, வனிலா மணம் கொண்ட வனிலினைத் தருகிறது. கருகிய உட்பரப்பு கந்தகச் சேர்மங்களை ஈர்த்துக்கொள்கிறது. மரத்தின் ஊடாகக் காற்று மெல்ல நுழைகிறது. அமெரிக்கச் சட்டம் அந்நாட்டு விஸ்கி வகையான போர்பனுக்குப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் கலங்களையே கேட்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் அங்கிருந்து பெருமளவில் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. (பீப்பாய்க்கு மாற்றுச்சொல் தேடும் நண்பருக்கு: அது போர்த்துக்கீசியர் தந்த சொல்தான், ஆனால் இன்று நம் வீட்டுச் சொல். விட்டுவிடுங்கள்.)

‘விளைவு’ என்றால் பயன் என்று பொருள்பட்டுவிடுமே, பக்கவிளைவு போல ஆகிவிடாதா என்ற மறுப்பு எழும் என்று அறிவேன். அதனால்தான் பெயர்ச்சொல்லை ‘விளைதல்’ என்றே வைக்கிறேன். ‘12 ஆண்டு விளைந்த விஸ்கி’, ‘விளைகாலம்’, ‘விளைகிடங்கு’ என எல்லாம் தடையின்றி அமைகின்றன. ‘விளைச்சல்’ மட்டும் வேண்டாம். ஒரு டன் மால்ட்டுக்கு (முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு) எத்தனை லிட்டர் கிடைத்தது என்பதைச் சொல்ல அது தேவைப்படும்.

மற்ற இரண்டு சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘சிங்கிள்’ என்பது ஒரே வடிசாலையைக் குறிக்கிறதே தவிர ஒரே பீப்பாயையோ ஒரே தடவை வடித்ததையோ அன்று. ஆகவே ‘ஒற்றை மால்ட்’ என்பதைவிட ‘ஒருசாலை மால்ட்’ தெளிவானது. வடிசாலை என்ற சொல்லை நினைவூட்டிய இலங்கை நண்பருக்கு நன்றி. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பங்கைக் குறிக்கும் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ என்பதற்கு வந்த ‘தேவதைப் பங்கு’ நேர்பெயர்ப்பாக நிற்கிறது. ‘ஆவிப்பங்கு’ என்றால் நீராவியும் கண்ணுக்குத் தெரியாத ஆவியும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

‘ஃபினிஷ்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விழுங்கிய பின் நாவில் தங்குவதையும், முதல் பீப்பாயில் விளைந்ததை வேறொரு பீப்பாய்க்கு மாற்றிச் சில மாதங்கள் வைப்பதையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது. முன்னதற்குப் ‘பின்சுவை’ போதும். பின்னதற்கு ‘ஈற்றுவிளைதல்’ என்று எழுதிப் பார்த்தேன். காதுக்குக் கரடாக இருக்கிறது. இதைவிட நல்லது யாரிடமேனும் இருந்தால் பட்டியலை மூடும் முன் எழுதுங்கள்.

அன்புடன்