பிப்ரவரி 28 கண்காட்சி: சர் சி.வி. ராமன் அரங்கில் எந்தச் செய்முறை வைக்கலாம்?

ஐயாறு_அறிவியல்டீச்சர்:
வணக்கம். தேசிய அறிவியல் நாளுக்குத் திருவையாற்றுப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ராமன் அரங்கு வைக்கிறோம். திருவானைக்காவலில் பிறந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு நம்மூர்க்காரர் என்ற ஒட்டுதல் இருக்கிறது. வெறும் படமும் குறிப்பும் மாட்டினால் யாரும் நின்று பார்ப்பதில்லை, கையால் செய்து காட்ட ஏதாவது வேண்டும். பச்சை லேசரை ஆலிவ் எண்ணெயில் விட்டால் ஆரஞ்சாகத் தெரிகிறதே, அதை ராமன் விளைவு என்று வைக்கலாமா? செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும். வாழ்க்கைக் குறிப்புப் பலகையில் எதெல்லாம் தப்பாகப் போகும் என்றும் சொல்லுங்கள்.

ஒளியியல்_திருச்சி:
டீச்சர், தயவுசெய்து அந்த எண்ணெயை ராமன் பெயரில் வைக்காதீர்கள். அது ஃப்ளூரசன்ஸ், அதாவது ஒளிர்வு. எண்ணெயில் இருக்கும் பச்சையம் லேசர் ஒளியை விழுங்கிவிட்டு 670–680 நானோமீட்டர் பக்கம் சிவப்பாக வெளியே விடுகிறது. ராமன் சிதறலில் விழுங்குவதே கிடையாது. மூலக்கூறு தன் அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலை மட்டும் ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ள, மிச்சம் நிறம் மாறிச் சிதறுகிறது. அதுவும் கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு மங்கல்.

இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் 819 செ.மீ⁻¹ அதிர்வை எடுங்கள் (செ.மீ⁻¹ என்பது நிறமாலையில் அதிர்வை அளக்கும் அலகு). 532 நானோமீட்டர் பச்சை லேசர் விட்டால் அந்தக் கோடு 556-இல் விழும். 650 சிவப்பு லேசர் விட்டால் 687-க்கு நகர்ந்துவிடும். விடுகிற ஒளியோடு சேர்ந்து நகர்ந்தால் ராமன். எந்த ஒளி விட்டாலும் தன் இடத்திலேயே நின்றால் ஃப்ளூரசன்ஸ். இன்னொரு அடையாளம் முனைவாக்கம், அதாவது ஒளியலை ஒரே தளத்தில் அதிர்வது. 1923-இலேயே ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் இந்த மங்கல் ஒளியைப் பார்த்தார். திரவத்தில் அழுக்கு இருப்பதால் வரும் ஒளிர்வு என்று முதலில் நினைத்தார்கள், ஆனால் எவ்வளவு சுத்தப்படுத்தியும் அது போகவில்லை. பிறகு கிளிசரினில் வந்த பச்சை ஒளி நன்றாக முனைவாக்கம் பெற்றிருப்பதை ராமனோடு வேலை செய்த வெங்கடேஸ்வரன் கண்டபோதுதான் இது சாதாரண ஒளிர்வு இல்லை என்று ராமனுக்கு உறுதிப்பட்டது. 1928 ஜனவரி, பிப்ரவரியில் தன் மாணவர் கே.எஸ். கிருஷ்ணனோடு பல திரவங்களை வரிசையாகச் சோதித்தார்.

பள்ளியில் இதைக் காட்ட வேண்டுமானால் 550-க்கு மேல் மட்டும் விடும் ஆரஞ்சுக் கண்ணாடி வடிகட்டி, நிறமாலைமானி, நல்ல இருட்டறை, நிமிடக்கணக்கில் திறந்து வைக்கும் கேமரா எல்லாம் வேண்டும். கைச் சானிடைசரை ஊற்றினால் அதிலுள்ள வாசனைப் பொருளே ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மலிவுப் பச்சை லேசர்களில் 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும், கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடத்துக்கு அது வேண்டாம்.

தோல்_நாதம்:
தஞ்சை வட்டாரத்தில் இருந்துகொண்டு மிருதங்கத்தை விட்டுவிட்டீர்களே மேடம்! ராமன் 1920-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், 1934-இல் விரிவான கட்டுரையும் வந்தது. செலவும் இல்லை: ஒரு மிருதங்கம், ஒரு பறை அல்லது கஞ்சிரா, ஒரு போன்.

சீரான தோல் ஒன்றை அடித்தால் அதிர்வுகளின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். எதுவும் முழு எண் இல்லை, அதனால்தான் பறையில் சுருதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இரும்புச் சத்துள்ள கல்பொடியும் சோறும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசிய கரணை இருக்கிறது. அந்தப் பாரம் அதிர்வுகளை இழுத்து 1, 2, 3, 4, 5 என்று நிறுத்துகிறது. முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்தே ஹார்மோனிக்குகளில் (அடி அதிர்வின் முழு எண் மடங்குகளில்) அடங்குகின்றன: முதலிரண்டில் ஒவ்வொன்று, மூன்றிலும் நான்கிலும் இரண்டிரண்டு, ஐந்தில் மூன்று. தோலில் தூவிய மணலையும் விரல் வைக்கும் இடங்களையும் கொண்டே ராமன் இதைப் பிரித்துக் காட்டினார். எனக்கு நோபல் பரிசுக்குச் சற்றும் குறையாத வேலையாகத்தான் படுகிறது.

செய்முறை இப்படி. இடப்பக்கமான இடந்தலையில் துணியை மடித்து அழுத்திக் கட்டுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஒலியும் கலந்து வரும். போனில் ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலியில் ஆடியோ ஸ்பெக்ட்ரம் திறந்து மாதிரி எண்ணிக்கையை 16384-க்கு ஏற்றுங்கள். 2048-இல் விட்டால் 23 ஹெர்ட்ஸ் தடிப்பில்தான் தெரியும், 16384-இல் 3 ஹெர்ட்ஸ் வரை பிரியும். போன் தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். வரைபடத்தில் வரும் முகடுகளின் அதிர்வெண்களைக் குறித்து, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணால் மற்றவற்றை வகுக்கவும். பிறகு பறையிலும் அதே கணக்கு. அங்கே ஏட்டில் உள்ள 1.59 அப்படியே வராது. தோலோடு சேர்ந்து காற்றும் ஆடுவதால் தாழ்ந்த அதிர்வுகள் இன்னும் இறங்கும். முழு எண் வராது என்பது போதும்.

மணல் கோலத்துக்கு ஆற்று மணலைக் காயவைத்து டீ வடிகட்டியில் சலித்து அரை ஸ்பூன் மட்டும் தூவுங்கள். கூடினால் அந்தப் பாரமே சுருதியை இறக்கிவிடும். தோலின் ஓரத்தில் ஒரு விரலை லேசாக வைத்து, அங்கிருந்து கால் வட்டம் தள்ளித் தட்டினால் மணல் நடுவே ஒரே கோடாகக் கூடும். அது இரண்டாம் ஹார்மோனிக். கால் வட்ட இடைவெளியில் இரண்டு விரல் வைத்து நடுவில் தட்டினால் மணல் சிலுவையாக நிற்கும், அது மூன்றாவது. ஒவ்வொரு தட்டுக்கும் மணலைப் புதிதாகத் தூவ வேண்டும்.

காவிரிக்கரை_வாசகன்:
பலகைக்குச் சில. பிப்ரவரி 28 அவர் பிறந்த நாள் இல்லை, 1928-இல் விளைவைக் கண்ட நாள். பிறந்தது 1888 நவம்பர் 7. தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் நான்கு வயதுவாக்கிலேயே குடும்பம் அங்கே போய்விட்டது, ஆகவே "திருச்சியில் படித்தார்" என்று எழுத வேண்டாம். பி.ஏ. 1904, எம்.ஏ. 1907, இரண்டும் சென்னை மாநிலக் கல்லூரியில்.

1907 முதல் 1917 வரை பத்து வருஷம் நிதித்துறை அதிகாரி. கல்கத்தாவில் இருந்தபோது காலையிலும் மாலையிலும் பௌபஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917-இல் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பெயரிலான இயற்பியல் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் முகர்ஜி அதைத் தளர்த்தினார். பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டியது இந்தப் பகுதி.

கடல் ஏன் நீலம் என்று ராமன் சோதித்த கதை 1921-இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. நிக்கோல் பட்டகம் (முனைவாக்கம் பெற்ற ஒளியைத் தடுக்கக்கூடிய படிகம்) வழியே பார்த்து நீர்மேல் விழும் வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார், அப்போதும் நீலம் நின்றது. வானியற்பியலாளர் சந்திரசேகரையும் சேர்ப்பதானால் அவர் ராமனின் அண்ணன் மகன், பிறந்தது 1910-இல் லாகூரில், நோபல் 1983-இல்.

ஐயாறு_அறிவியல்டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. மிருதங்கமே வைக்கிறோம். ஊர் வித்வான் ஒருவர் வலந்தலையில் "நம்" என்ற அடியை வாசித்தபோது விகிதம் 1, 1.5, 2 என்று வருகிறது. சில முகடுகள் இரண்டாகப் பிளந்தும் தெரிகின்றன.

தோல்_நாதம்:
அளவு சரிதான் மேடம். "நம்" வாசிக்கும்போது மோதிர விரல் கரணை ஓரத்தில் படிந்திருக்கும், அது முதல் ஹார்மோனிக்கை அமுக்கிவிடும். நீங்கள் பார்த்த தாழ்ந்த முகடு இரண்டாவது, அதனால் 2, 3, 4 என்பது 1, 1.5, 2 ஆகத் தெரிகிறது. விரலை எடுத்துவிட்டுத் "தீம்" என்று திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், அடி முகடு எழும்.

பிளவு வருவது சுற்றிலும் தோலின் இழுப்பு ஒன்றாக இல்லாததால். ஓரத்தில் வார் கோர்த்த ஒவ்வொரு கண்ணுக்கு (துளைக்கு) நேராகவும் மீட்டிப் பார்த்து, இறங்கிய இடத்தில் ஓரத்தைத் தட்டி ஏற்ற வேண்டும். வித்வானுக்கு அது கைப்பழக்கம். காலைப் பனியில் தோல் தளரும், ஆகையால் வாத்தியத்தை அரை மணி முன்பே அரங்கில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். கரணை வெடித்து உதிர்ந்த வாத்தியமாக இருந்தால் எவ்வளவு தட்டினாலும் முழு எண் வராது, வேறொன்று கேட்டு வாங்கிவிடுங்கள்.