குறும்படத்தின் முதல் 2 நிமிடம்: எழுத்து போட்டுத் தொடங்கலாமா?

ஆரல்காற்று:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நாங்கள் சில பேர் சேர்ந்து 20 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். அறிவியல் புனைகதை. கதை நடக்கிற இடம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம். ஆடி மாதம், காற்று பேயாக அடிக்கிற நேரம். ஒரு நாள் விடியற்காலையில் அங்குள்ள மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் அத்தனையும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. ஏன் என்பதுதான் கதை.

கறுப்புத் திரையில் "ஆண்டு 2080" என்று எழுத்து போட்டு, வேற்றுக்கிரகத்திலிருந்து சமிக்ஞை வந்த கதையைப் பின்னணிக் குரலில் சொல்லிவிடலாம் என்கிறான் நண்பன். சொல்லாவிட்டால் ஏதோ ஊர்க்கதை என்று நினைத்துப் பார்ப்பார்கள், பாதியில் வேற்றுக்கிரகம் வந்தால் சிரித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான். அவன் பயம் நியாயம்தான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. விண்கலம், கிராபிக்ஸ் எதற்கும் கையில் காசு கிடையாது. என்ன செய்யலாம்?

குளச்சல் கரை:
தம்பி, எழுத்து போடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' எழுத்தோடுதான் தொடங்குகிறது. ஆனால் எழுத்து முடிந்த கையோடு ஒரு சின்னக் கப்பல் தப்பி ஓடும். அதை விரட்டிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் நம் தலைக்கு மேலே வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். யார் எளியவன், யார் வலியவன் என்பது அங்கேயே தீர்ந்துவிடும். எழுத்தை ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் அது புரியும்.

உங்களுக்குப் பாடம் அதைவிட 'ஏலியன்' (1979) படத்தில்தான் இருக்கிறது. இருட்டில் ஒரு கோளின் விளிம்பு மெல்ல நகர்கிறது. படத்தின் பெயர் முழுதாக வருவதில்லை. மேலே ஒரு கோடு, கொஞ்சம் கழித்து இன்னொரு கோடு என்று துண்டு துண்டாக வருகிறது. அப்புறம் கப்பலின் பெயர், ஆள் 7 பேர், ஏற்றிவரும் கனிமத்தின் எடை, பூமிக்குத் திரும்புகிறது என்று சரக்குச் சீட்டு மாதிரி சில வரிகள், அவ்வளவுதான். வேற்றுக்கிரகம் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. அதற்குப் பிறகு கேமரா ஆளில்லாத நடைபாதைகளில் போகிறது. ஒரு பொம்மைப் பறவை தானாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று கணினித் திரை உயிர் பெறுகிறது, எதிரே இருக்கும் தலைக்கவசத்தின் கண்ணாடியில் அதன் வெளிச்சம் ஓடுகிறது. பயமுறுத்தும் காரியம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் 'இந்த இடத்தில் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக்கொள்' என்று நம் கண்ணைப் பழக்கிவிடுகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று பழக்கிவிட்டால் போதும், ஆண்டையும் காரணத்தையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

உங்களுக்கோ காது இருக்கிறது! காற்றாடி ஓடும்போது இறக்கை ஒவ்வொன்றும் காற்றை வெட்டுகிற சத்தம் வருமே, அதை முதல் ஒரு நிமிடம் முழுக்க விடுங்கள். கிணற்றடி, டீக்கடை, பிச்சிப்பூ கட்டுகிற ஆள், எதைக் காட்டினாலும் அடியில் அந்தச் சத்தம் இருக்கட்டும். பிறகு சத்தத்தை நிறுத்துங்கள். ஆனால் தென்னை ஓலை ஆடட்டும், கொடியில் போட்ட சேலை படபடக்கட்டும். காற்று இருக்கிறது, காற்றாடி நிற்கிறது. இதற்குப் பின்னணிக் குரல் எதற்கு?

கோபுரத்தடி:
அண்ணாச்சி சொன்னது நல்ல யோசனை. ஆனால் நம்ம ஊர்க்காரர்களிடம் இது ஒரு இடத்தில் மாட்டும். நான் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். காற்று அடிக்கும்போது காற்றாடி நிற்பது எங்களுக்கு அதிசயமே இல்லை. மின்சாரத்தைக் கொண்டுபோகும் லைன் அதைத் தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்வார்கள். பழுது பார்க்க நிறுத்துவோம். காற்று அளவுக்கு மீறினால், பல இயந்திரங்களில் வினாடிக்கு 25 மீட்டர் என்று வைத்திருப்பார்கள், தானாகவே நின்றுவிடும். ஆரல்வாய்மொழிக்காரர் உங்கள் படத்தைப் பார்த்தால் "லைன் கட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவரையும் நிமிர்ந்து உட்கார வைக்க வழி இருக்கிறது. காற்றாடிகள் நிற்கும்போது இறக்கைகள் ஆளுக்கொரு கோணத்தில் நிற்கும். வரிசையாக எல்லாமே ஒரே கோணத்தில், ஓர் இறக்கை நேர் கீழே பார்த்து நின்றால், அது மனுஷன் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். இன்னொன்று: கோபுர உச்சியில் இறக்கைகளைத் தாங்கும் தலைப்பகுதி எப்போதும் காற்றைப் பார்த்துத்தான் திரும்பும். அத்தனையும் காற்றுக்கு முதுகைக் காட்டி கடலைப் பார்க்கத் திரும்பியிருந்தால்? எழுதும்போதே புல்லரிக்கிறது.

பத்மநாபபுரம் வாசகி:
கோபுரத்தடி சொன்ன கோணத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஆனால் எல்லா விவரமும் சரியாக இருந்தால்தான் மனநிலை வரும் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். 'காண்டாக்ட்' (1997) படத்தில் கேமரா பூமியிலிருந்து பின்வாங்கிப் போகப் போக, வானொலியில் பழைய பழைய ஒலிபரப்புகள் கேட்கும், கடைசியில் ஒரேயடியாக மௌனம். கணக்குப் பார்த்தால் அது தப்பு. நெப்டியூனுக்கே வானொலி அலை சுமார் 4 மணி நேரத்தில் போய்விடும். படத்திலோ சூரியக் குடும்பத்தைத் தாண்டுவதற்குள் பல பத்தாண்டுகள் பின்னால் போய்விடுகிறோம். இருந்தாலும் தொலைவு கூடக் கூடச் சத்தம் பழையது என்ற உண்மை அதில் இருக்கிறது. எந்த இடத்தில் விதியை மீறுகிறோம் என்று தெரிந்து மீறுங்கள். மற்றதெல்லாம் ஊர் இருக்கிறபடியே இருக்கட்டும்.

ஆரல்காற்று:
மூவருக்கும் ரொம்ப நன்றி. நண்பனிடம் காட்டினேன், பின்னணிக் குரலைக் கைவிடச் சம்மதித்துவிட்டான். ஆண்டு மட்டும் ஒரு மூலையில் வரும். கோணத்துக்கு ஒரே ஒரு ஷாட்டில் கிராபிக்ஸ் செய்தால் போதும் என்கிறார் எங்கள் எடிட்டர். ஒரு சந்தேகம்: அந்தக் காற்றில் இறக்கைச் சத்தத்தை எப்படிப் பதிவது? மைக்கில் காற்றின் இரைச்சல்தானே விழும்?

கோபுரத்தடி:
படப்பிடிப்போடு சேர்த்துப் பதியாதீர்கள். காற்று குறைந்த ஒரு விடியற்காலையில் தனியாக வந்து பதிந்துகொள்ளுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, மேலே ரோமம் வைத்த உறையும் போட வேண்டும். ஏதாவது சுவரின் மறைவில் நின்று பதிந்தால் இன்னும் நன்றாக வரும். அனுமதி வாங்காமல் கோபுரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம்.