முனைச்சூடு: கேரவன் மின்னிணைப்புக் கோளாறுக்கு ஒரு சொல்

கேரவன் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேரவன் வண்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ‘ஹூக்அப்’ என்பதற்குக் ‘கொக்கி இணைப்பு’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். மின்கம்பியில் கொக்கி போடுவது என்றால் நம் ஊரில் திருட்டு மின்சாரம் என்றே பொருளாகும் என்பதால், அச்சொல்லைப் பயனர் கையேட்டில் அச்சிட்டால் வண்டியின் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ‘புறமின் இணைப்பு’ என்பது போதுமானது.

நான் விரிவாக எழுத வந்தது, அவ்விணைப்பு சூடாகிக் கருகும் கோளாற்றின் பெயரைப் பற்றி. குழுமத்தில் வந்த ‘மிகைவெப்ப இணைப்பு’ என்ற பரிந்துரை, மின்சாரம் அளவுக்கு மீறி ஓடியதால் சூடேறியது என்று எண்ண வைக்கிறது. பெரும்பாலும் உண்மை அதுவன்று. சென்ற கோடையில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தியிருந்த கேரவனில் ஏசியும் கீசரும் சேர்ந்து ஓடியபோது, 16 ஆம்பியர் பிளக்கின் ஒரு ‘பின்’ (சாக்கெட்டுக்குள் நுழையும் உலோகக் கால்) மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிவிட்டது. மின்னோட்டம் வரம்பு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி விழவே இல்லை. ஓடிய மின்னோட்டம் வரம்புக்குள்தான் இருந்தது, ஆகவே அது விழுவதற்குக் காரணமும் இல்லை. பார்க்க வந்த எலக்ட்ரீசியன், “ஒயருக்கு ஒண்ணுமில்லீங், முனைதானுங் சுடுது” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த சொல் அவர் வாயில் இருந்தது.

பின்னைக் கவ்விப் பிடிக்கும் உள்தகடு தளர்ந்தாலோ, திருகு இளகினாலோ, உலோகப் பரப்பில் ஆக்சைடு படிந்தாலோ, அந்த ஓரிடத்தில் மட்டும் மின்னோட்டத்துக்கான தடை கூடுகிறது. கூடிய தடை 0.1 ஓம் என்று கொண்டால், 16 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் வெப்பம் 25.6 வாட். சால்டரிங் அயன் ஒன்றை சாக்கெட்டுக்குள் செருகி வைத்ததற்கு ஒப்பானது இது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அமெரிக்க வண்டிகளின் 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் இயங்குவது. அதே தடைக்கு அங்கே 90 வாட் பிறக்கும். சூடேறிய தகடு மேலும் தளர்கிறது, தளர்ந்த தகடு மேலும் சூடேறுகிறது. எனவே பெயர், சூடு பிறக்கும் இடத்தைச் சுட்ட வேண்டும் என்பது என் கருத்து: முனைச்சூடு.

அதற்குக் காரணமான தடைக்கும் ஒரு பெயர் வேண்டும். இரு உலோகங்கள் தொடும் இடத்தில் எழும் தடை (‘காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ்’) அது. அதை ‘தொடு மின்தடை’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பாடநூலில் மின்தடை என்பது ஓமில் அளக்கப்படுவது. கோவை நாளிதழிலோ, நாளை எந்தெந்தப் பகுதியில் மின்சாரம் இருக்காது என்னும் அறிவிப்பின் தலைப்பு அது. ‘தொடுதடை’ என்று சுருக்கினால், தொடாதே என்ற எச்சரிக்கைப் பலகை போல ஒலிக்கிறது. (சூடான பிளக்குக்கு அதுவும் பொருத்தமே.) ‘தொடுகைத்தடை’ என்றால் இக்குழப்பங்கள் பெரும்பாலும் நீங்கும்.

‘லூஸ் காண்டாக்ட்’ என்ற வழக்கு இருக்கையில் இவை எதற்கு என்று கேட்கலாம். அச்சொல் காரணங்களில் ஒன்றை மட்டுமே சொல்கிறது. இறுக்கமாக முறுக்கிய செம்பு-அலுமினிய இணைப்பிலும் முனைச்சூடு வரும். கண்டறியும் முறையைக் கையேட்டில் எழுதும்போது இந்த வேறுபாடு பயன்படும். முழுச் சுமையில் சிறிது நேரம் ஓடவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் பின்களின் பக்கத்தையும் கேபிளின் நடுப்பகுதியையும் அளந்து ஒப்பிட வேண்டும். கேபிள் முழுவதும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது சுமைச்சூடு. அதாவது, ஓடும் மின்னோட்டத்துக்குக் கம்பியின் பருமன் போதவில்லை. ஒரு முனை மட்டும் சுட்டால் அது முனைச்சூடு. கருகிய பின்னை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் செருகும் பழக்கம் நம்மிடம் உண்டு. சூட்டில் இறுக்கம் போன தகட்டைத் தேய்ப்பு திருப்பித் தராது. பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், கெட்டது புதியதையும் கெடுத்துவிடும்.

‘டெர்மினல்’ என்பதற்கு முனையம் என்ற சொல் இருப்பதால், ‘முனையச்சூடு’ என்றிருக்க வேண்டாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். முனையம் என்றதும் பலருக்குப் பேருந்து நிலையமும் விமான நிலையமுமே நினைவுக்கு வருகின்றன. பேட்டரிக்கு நேர்முனை, எதிர்முனை என்று ஏற்கெனவே வழங்குவதால் ‘முனை’யே போதும் என நினைக்கிறேன். ‘சுமைச்சூடு’ என்பதில்தான் எனக்கு இன்னும் நிறைவில்லை. கேபிள் நெடுகச் சூடாவதைச் சுட்டும் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.