மெஷ் சின்னதாக்கினால் ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகிறது, உதவி தேவை (அவசரம்)

கோவை_டிப்ளமா | இரவு 9:42
வணக்கம். எஃப்.இ.ஏ. (பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, லோடு தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை) கற்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதுவும் வீடியோ பார்த்து. ஒரு எல் பிராக்கெட் அனலிசிஸ் செய்கிறேன். மெஷ் சைஸை (அந்தத் துண்டுகளின் அளவை) குறைக்கக் குறைக்க ஸ்ட்ரெஸ் (உள்ளே சதுர மில்லிமீட்டருக்கு வரும் விசை) ஏறுகிறது. 4 எம்எம்மில் 198, 2-இல் 262, 1-இல் 357, 0.5-இல் 489. இதில் எதை ரிப்போர்ட்டில் போடுவது? நாளை மறுநாள் கஸ்டமருக்கு அனுப்ப வேண்டும். கடைசி ரன்னுக்கு லேப்டாப் 40 நிமிடம் மூச்சு வாங்கியது. யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

மெஷ்மணி | இரவு 9:50
என்ன மெட்டீரியல், எவ்வளவு லோடு, எங்கே ஃபிக்ஸ் செய்தீர்கள், எந்த சாஃப்ட்வேர், அந்த 198 எந்த யூனிட்டில்? எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை மட்டும் கேட்கிறீர்கள்.

கோவை_டிப்ளமா | இரவு 9:58
எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பிளேட், 6 எம்எம், 50 அகலம். லோடு 50 கிலோ. சாஃப்ட்வேர் ஃப்ரீகேட். யூனிட் மெகாபாஸ்கல் சார்.

ராஜ்_கேட் | இரவு 10:03
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், யூனிட் பிரச்சினை. நான் ஒருமுறை அடர்த்தியை டன்–எம்எம் கணக்கில் 7.85இ-9 என்று போட வேண்டிய இடத்தில் 7850 போட்டுவிட்டேன். உள்ளங்கையில் அடங்கும் கைப்பிடி, தன் எடைக்கே பல கிலோமீட்டர் வளைந்து போனது. படத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது, கலர் எல்லாம் சரியாக வந்திருந்தது. அடர்த்தியைப் பாருங்கள் தம்பி.

கோவை_டிப்ளமா | இரவு 10:06
கிராவிட்டியே போடவில்லை அண்ணா.

டெட்ரா_வேண்டாம் | இரவு 10:11
யூனிட் எல்லாம் இல்லை. நான்கு நோட் டெட்ராவில் (நான்கு மூலைப் புள்ளி மட்டும் உள்ள நான்முகத் துண்டு) மெஷ் செய்திருப்பீர்கள். அது வளைவுக்குக் கல் மாதிரி விறைத்து நிற்கும். ஹெக்ஸா (செங்கல் வடிவத் துண்டு) போடுங்கள், பிரச்சினை தீரும். டெட்ராவில் வந்த ரிசல்ட்டை நான் கண்கொண்டு பார்க்க மாட்டேன்.

பட்டறை_சித்தப்பா | இரவு 10:15
இந்த எல், வளைத்ததா? வெட்டி வெல்டு வைத்ததா?

கோவை_டிப்ளமா | இரவு 10:19
செக்கண்ட் ஆர்டர் என்றுதான் காட்டுகிறது. பத்து நோட்.

டெட்ரா_வேண்டாம் | இரவு 10:21
அப்படியானாலும் ஹெக்ஸா நல்லது.

ஆசான் | இரவு 10:34
22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இங்கே மாதத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். மெஷ் கன்வெர்ஜென்ஸ் (மெஷ்ஷைச் சின்னதாக்கும்போது விடை ஒரு எண்ணில் வந்து நிற்பது) என்றால் என்னவென்று தெரியாமல் சால்வர் பொத்தானை அழுத்தினால் இப்படித்தான். தம்பி, முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள். கை நீளம் எவ்வளவு என்று சொல்லக்கூட இல்லை. கேன்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்த கை) கணக்கு இரண்டாம் ஆண்டு பாடம்.

கோவை_டிப்ளமா | இரவு 10:40
மன்னிக்கவும் சார். நீளம் 100. லோடு நுனியில். பின்பக்க முகம் முழுக்க ஃபிக்ஸ். மொத்தம் 100 கிலோ கியர் மோட்டார், இரண்டு பிராக்கெட், அதனால் ஒன்றுக்கு 50. நான் 500 நியூட்டன் போட்டேன்.

ஆசான் | இரவு 10:47
சரி. 500 × 100 = 50,000 நியூட்டன் எம்எம். செக்‌ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவைத் தாங்கும் அளவு, அகலம் × கனம்² ÷ 6) 50 × 36 ÷ 6 = 300. ஸ்ட்ரெஸ் 50,000 ÷ 300 = 167. இதற்கு ஒரு நிமிடம் ஆனது, லேப்டாப் சூடாகவில்லை.

ராஜ்_கேட் | இரவு 10:52
அப்படியென்றால் 4 எம்எம் மெஷ்ஷில் வந்த 198-ஐயே போட்டுவிடலாமே. 167-க்குப் பக்கத்தில் இருக்கிறது, ஐஎஸ் 2062 இ250 பிளேட்டுக்கு ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) 250. பாஸ். எதற்கு 0.5 வரை போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

ஆசான் | இரவு 10:58
இந்தப் புத்திதான் ஆபத்து. நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்) மூழ்கியது. அடித்தளத்தின் செல்கள் (கான்கிரீட் அறைகள்) சந்திக்கும் முக்கோண மூலைகளில் ஷியர் (வெட்டு) ஸ்ட்ரெஸ்ஸை எஃப்.இ. மாடல் 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. மெஷ் மோசம். அதை நம்பிக் கம்பியையும் குறைவாகக் கட்டினார்கள். பிடித்த நம்பர் வருகிற மெஷ்ஷில் நிறுத்திக்கொள்வதற்குப் பெயர் அனலிசிஸ் இல்லை.

யாழ்_மட்டு | இரவு 11:05
ஒரு சிறு வேண்டுகோள். தமிழில் எழுதும் இடத்தில் எல்லோரும் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ் என்கிறீர்களே. ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டையும் நாங்கள் இலங்கையில் ஏ/எல் (உயர்தர) வகுப்பில் தகைப்பு, விகாரம் என்றுதான் படித்தோம். அழகான சொற்கள்.

மெஷ்மணி | இரவு 11:09
எங்கள் தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் தகைவு, திரிபு.

ராஜ்_கேட் | இரவு 11:12
அழுத்தம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியுமே.

யாழ்_மட்டு | இரவு 11:14
அழுத்தம் வேறு! அது டயருக்குள் இருப்பது. நாங்கள் அதை அமுக்கம் என்போம். தகைப்புக்குத் திசை உண்டு, ஒரே புள்ளியில் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் நசுக்கும்.

டெட்ரா_வேண்டாம் | இரவு 11:17
பட்டறையில் போய் "தகைவு கூடிப்போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். பல்லி விழுந்த பலன் கேட்கிற மாதிரி பார்ப்பார்கள்.

யாழ்_மட்டு | இரவு 11:20
சொல்லாமல் விட்டால் எப்படிப் பழகும்?

(இதற்குப் பிறகு பதினோரு பதிவுகள் தகைவா தகைப்பா என்றே போயின. அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

கணக்குப்பிள்ளை | காலை 6:10
நேற்று இரவு யாருமே அந்த நான்கு எண்களை வகுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. 262 ÷ 198 = 1.32. 357 ÷ 262 = 1.36. 489 ÷ 357 = 1.37. மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் பெருக்கு எண் 1.37-இல் போய் உட்கார்கிறது. இது தற்செயல் இல்லை. ரேடியஸ் இல்லாத 90 டிகிரி உள்மூலையில் தகைவு (ஆம், தகைவு) மூலையிலிருந்து உள்ள தூரத்தின் மைனஸ் 0.4555 அடுக்கில் மாறும். 2-இன் 0.4555 அடுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், 1.37.

ஆகவே சாஃப்ட்வேர் தப்பே செய்யவில்லை. கூர்மூலையில் எவ்வளவு என்று கேட்டீர்கள், விடை முடிவிலி, அது படி ஏறிக்கொண்டிருக்கிறது. 0.25 போட்டால் 670 வரும். 198-உம் பொய், 489-உம் பொய். ஹெக்ஸாவிலும் இதே கதைதான் நடக்கும், டெட்ரா மேல் பழி போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் நான்கு ரன்னிலும் நுனி எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள்.

கோவை_டிப்ளமா | காலை 7:25
அண்ணா, 0.90, 0.91, 0.91, 0.91 எம்எம். அது மாறவே இல்லை!!

கணக்குப்பிள்ளை | காலை 7:31
கை கணக்கில் நுனி இறக்கம் 500 × 100³ ÷ (3 × 2,10,000 × 900) = 0.88 (2,10,000 ஸ்டீலின் விறைப்பு எண், 900 என்பது அகலம் × கனம்³ ÷ 12). வேர்ப்பகுதி கொஞ்சம் இளகுவதால் 0.91. மாடல் நன்றாகவே இருக்கிறது. அந்த ஒரு மூலைதான் பொய்.

ஆசான் | காலை 8:40
இதைத்தான் நானும் நேற்று மறைமுகமாகச் சொன்னேன்.

மெஷ்மணி | காலை 8:44
எந்த வரியில் சார்?

பட்டறை_சித்தப்பா | காலை 9:02
நேற்றே கேட்டேன், பதில் இல்லை. வளைத்ததா, வெல்டா?

கோவை_டிப்ளமா | காலை 9:20
பெண்டிங் மெஷினில் வளைத்தது சித்தப்பா. அது முக்கியமா?

பட்டறை_சித்தப்பா | காலை 9:33
அதுதான் முக்கியம். 6 எம்எம் பிளேட்டை வளைத்தால் உள்ளே ரேடியஸ் இல்லாமல் வருமா? கூர்மையாக மடக்கினால் வெளித்தோல் கீறிவிடும். நாங்கள் பிளேட் கனத்துக்குக் குறையாமல் உள் ரேடியஸ் வைப்போம். செய்த பீஸ் கையில் இருந்தால் ரேடியஸ் கேஜை வைத்துப் பாருங்கள். இல்லாத மூலையை கம்ப்யூட்டரில் வரைந்துவிட்டு ராத்திரி முழுக்க அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்.

கோவை_டிப்ளமா | காலை 9:36
டிராயிங்கில் ரேடியஸ் போடவில்லை, அதனால் நானும் போடவில்லை. ஷாப்புக்குப் போய் பார்த்துவிட்டு வருகிறேன்.

மெஷ்மணி | காலை 9:50
ரேடியஸைச் சேர்த்த பிறகு வளைவைச் சுற்றி மட்டும் சின்ன மெஷ் போடுங்கள், மற்ற இடத்தில் 3 எம்எம் போதும், 40 நிமிடம் ஆகாது. அப்புறம் இன்னொன்று. பின்முகம் முழுவதையும் ஃபிக்ஸ் செய்திருக்கிறீர்கள். நிஜத்தில் அங்கே பசையா ஒட்டியிருக்கிறது? போல்ட்தானே? எங்கே, எத்தனை? எல்-இன் சுவரோடு ஒட்டும் கால் மேலே நிற்கிறதா, கீழே தொங்குகிறதா? மேலே நின்றால் அடிமூலை சுவரில் அழுத்தும், போல்ட் வெளியே இழுபடும், நடுவில் கால் வளையும். நீங்கள் போட்ட ஃபிக்ஸ் அந்த வளைவை மொத்தமாக மறைத்துவிடும். போல்ட் அடியிலிருந்து 40 எம்எம் உயரத்தில் என்றால் 50,000 ÷ 40 = 1250 நியூட்டன் இழுவை. எம்10 (10 எம்எம்) போல்ட்டுக்கு அது தூசு, ஆனால் பிளேட்டுக்கு?

ராஜ்_கேட் | காலை 10:05
மோட்டார் ஓடும்போது அதிர்வு இருக்குமே, வெறும் எடை மட்டும் போதுமா?

கணக்குப்பிள்ளை | காலை 10:12
போதாது. ஸ்டார்ட் ஆகும்போது டார்க்கின் (சுழற்றும் விசையின்) எதிர்விசையும் பிராக்கெட்டுக்குத்தான் வரும். மோட்டார் பெயர்ப்பலகையில் இருப்பதை இங்கே எழுதச் சொல்லுங்கள்.

கற்பவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால், சொந்த டிசைனில் கை வைப்பதற்கு முன் நேஃபம்ஸ் (எஃப்.இ.ஏ. துறையின் சர்வதேச அமைப்பு) தந்த எல்இ1 என்ற சோதனைக் கணக்கைச் செய்து பாருங்கள். நீள்வட்ட ஓட்டையுள்ள ஒரு தட்டு, வெளிவிளிம்பில் இழுவை, குறித்த புள்ளியில் 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். எனக்கு முதல் தடவை 61 வந்தது. சமச்சீர் எல்லையை ஒரு பக்கம் போட மறந்திருந்தேன். அதைக் கண்டுபிடித்த மாலையில் கற்றது, அதற்கு முன் பார்த்த எல்லா வீடியோவிலும் கற்றதைவிட அதிகம்.

டெட்ரா_வேண்டாம் | காலை 10:20
எல்இ1-ஐ எட்டு நோட் நாற்கரத்தில் போட்டால் சீக்கிரம் வரும். சும்மா சொல்கிறேன்.

யாழ்_மட்டு | முற்பகல் 11:02
கணக்குப்பிள்ளைக்கு நன்றி, தகைவு என்று எழுதியதற்கு. தகைப்பு இன்னும் நல்லது.

கோவை_டிப்ளமா | இரண்டு நாள் கழித்து, இரவு 8:15
எல்லோருக்கும் நன்றி. கேஜில் உள் ரேடியஸ் 6 இருந்தது. போட்டதும் 1 எம்எம்மில் 204, 0.5-இல் 205, நின்றுவிட்டது. கஸ்டமர் சேஃப்டி ஃபேக்டர் 2 (ஈல்டு, ஸ்ட்ரெஸ்ஸைப் போல இரு மடங்கு) கேட்டதால் 8 எம்எம் பிளேட், உள் ரேடியஸ் 8-க்கு மாற்றினோம், 115 வந்தது. ரிப்போர்ட் போய்விட்டது. சித்தப்பாவுக்கு ஸ்பெஷல் நன்றி.

மெஷ்மணி | இரவு 8:21
நல்லது. பின்முகம் இன்னும் முழுக்க ஃபிக்ஸாகத்தான் இருக்கிறதா? போல்ட் போட்டுப் பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை | இரவு 8:30
மோட்டார் விவரமும் வரவில்லை.

மெஷ்மணி | மறுநாள், காலை 7:48
டிப்ளமா தம்பி?