வேலையை விட்டு ஆக்குபேஷனல் தெரபி படிக்கச் சென்றவர்களின் அனுபவங்கள்

முன்னாள் பேட்டர்ன் மாஸ்டர், திருப்பூர்:

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆடைகளுக்கான வெட்டு அளவுகளைத் தாளில் வரைந்து தரும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த நான், முப்பது வயதை நெருங்கும்போது ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சைப் படிப்பில், சேர்ந்தேன். முன்பு எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும் இந்தியாவில் மீண்டும் இளங்கலையிலிருந்தே தொடங்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்திராதவர்களுக்கு அதுவும் கடினம். நான் சேர்ந்தபோது, ஆறு மாதப் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கரை ஆண்டுகள். அத்தனை காலம் வருமானம் இராது என்பதை வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. வகுப்புப் பிள்ளைகள் ‘அண்ணா’ என்று அழைப்பதெல்லாம் விரைவில் பழகிவிடும்.

பயிற்சிக் காலத்தில், விரலின் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட கட்டிங் தொழிலாளி ஒருவருக்கு ஸ்பிளிண்ட் எனப்படும் கைத்தாங்கி செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. தைத்த தசைநாண் இழுபடாதவாறு மணிக்கட்டையும் விரல்களையும் சற்று மடங்கிய நிலையில் நிறுத்திவைக்கும் அதனை ஏறத்தாழ ஆறு வாரங்கள் அணிய வேண்டும். காயம்படாத கையைத் தாளில் வைத்து வரைந்து, அந்த வரைவைத் திருப்பிப்போட்டு, அதன்படி பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, சுமார் 70 டிகிரி வெந்நீரில் இட்டால் அது துணியைப் போலத் துவளும். சில நிமிடங்களில் மீண்டும் இறுகிவிடுமாதலால், அதற்குள் கையில் படியவைத்து விளிம்புகளை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். நான் முன்பு பார்த்த வேலையைச் சொன்னதும் அவர் ‘சார்’ என்பதை விட்டுவிட்டார். “மாஸ்டர், கட்டைவிரல்கிட்ட வளைவை இன்னும் கொஞ்சம் எறக்குங்க, உரசுது” என்றார். அவர் சொன்ன இடத்தில் கால் அங்குலம் குறைத்தபின் சரியாக அமர்ந்தது.

முன்னாள் மென்பொருள் சோதனையாளர், லண்டன்:

இங்கே நிலைமை வேறு. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் இரண்டாண்டு முதுகலைப் படிப்பின் வழியாகவே இத்துறைக்குள் வந்துவிடலாம். ஆயினும் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி முடித்து, இத்தகைய துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பான ஹெச்.சி.பி.சி.யில் பதிவு செய்த பிறகே பணியாற்ற முடியும். அந்த இரண்டு ஆண்டுகளில் வார இறுதி என்ற ஒன்றை மறந்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பக்கவாத நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புமுன், மருத்துவமனைச் சமையலறையில் தேநீர் தயாரிக்கச் சொல்லிப் பார்ப்பது இங்கு வழக்கம். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கெட்டிலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். “பிள்ளை, நான் ஒருநாளும் தேத்தண்ணி ஊத்தினதில்லை. மனுசிதான் ஊத்தித் தாறவ” என்றார். இச்சோதனையில் அவர் தவறினால் அதற்கு நோய் காரணமா, வளர்ந்த முறை காரணமா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. மேற்பார்வையாளரிடம் இதை விளக்கி, பெரியவர் அன்றாடம் செய்துவந்த வேலையான சாமிப் படங்களுக்குப் பூ வைப்பதையே கொடுத்துப் பார்க்க அனுமதி பெற்றேன். வரிசையாக வைத்த படங்களில் வலப்புறமும் நடுவிலும் இருந்தவற்றுக்கு அழகாகப் பூ வைத்தவர், இடது ஓரத்தில் இருந்த இரண்டு படங்களைத் தொடவே இல்லை. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டதாக உறுதியாகச் சொன்னார். பார்வையில் கோளாறு இல்லாவிட்டாலும், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காமல் விடும் நிலை அது. மறுநாள் முதல் சாப்பாட்டுத் தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கினோம். சோதனையாளராக இருந்த காலத்தில் கணினியிடம் கேட்ட கேள்வியைத்தான் இங்கும் கேட்கிறேன்: தவறு எங்கே நிகழ்கிறது?

முன்னாள் சிவில் டிராஃப்ட்ஸ்மேன், மதுரை (இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர்):

1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கென முதல் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர் என்று படித்தபோது எனக்குச் சற்றுத் தெம்பாக இருந்தது. அண்மையில் சக்கர நாற்காலியில் வீடு திரும்பவிருந்த ஒரு பெண்ணின் வீட்டை அளக்கச் சென்றோம். வாசற்படிகளின் உயரம் ஒன்றரை அடி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடிச் சாய்தளம் தேவைப்பட, தெருவின் அகலமோ பத்து அடிதான். கொல்லைப்புறம் வழியாக வளைத்துக் கொண்டுவரும்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். கழிவறைக் கதவையும் வெளிப்புறம் திறக்கும்படி மாற்றச் சொல்லியாயிற்று.